மீதி 3108

என் வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் செய்யும் பட்டறையில் எண் அடிப்பவர். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பித்தளை மூடி உண்டு, மூடியில் எட்டு இலக்கத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். இலக்கம் செதுக்கிய எஃகு அச்சை மூடியின் மேல் நிமிர்த்திப் பிடித்துச் சுத்தியலால் ஒரே போடு. இரண்டாவது போடு போட்டால் இலக்கம் இரட்டையாகத் தெரியும், மூடி கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். இருபத்தொன்பது வருடத்தில் அவர் கெடுத்த மூடிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். இடது கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்துத்தான் இருக்கும். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண் அடிப்பது வேலை. அடித்த எண்ணை உடைத்துப் பார்ப்பது பைத்தியம். ஏழால் போகுமா, பதின்மூன்றால் போகுமா என்று கை அச்சை மாற்றும்போதே வாய் முணுமுணுக்கும். எதனாலும் வகுபடாமல் நிற்கும் பகா எண் ஒன்று சிக்கிவிட்டால் அன்றைக்கு வீட்டுக்கு வருகிற நடையே வேறு. என்னை முதன்முதலில் பார்த்துப் பேசிய அன்று ஊர், உறவு எதுவும் கேட்கவில்லை. "தொண்ணூத்தி ஒண்ணு பகா எண்ணா?" என்றார். "ஏழு பதிமூணு தொண்ணூத்தி ஒண்ணு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார். நான் பத்தாவது வரை படித்தவள். வகுத்தலில் கை வேகம். வாயும் அப்படித்தான் என்பது அவருக்குப் பிறகு தெரிந்தது.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு சாயங்காலம் துளை விழுந்த மூடி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அன்று அடித்த எண் ஒன்றை, கழித்துப் போட்ட அந்த மூடியிலும் அடித்திருந்தார். 37397951.

"பாரு" என்றார்.

"பாத்தாச்சு."

"சரியாப் பாரு. எட்டும் ஒத்தப்படை. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, சைபர் அச்சு பெட்டிய விட்டு எறங்கவே இல்ல. இது பகா எண்தான். எனக்குத் தோணுது."

"எல்லாம் ஒத்தப்படையா இருந்தா பகா எண் ஆயிடுமா? முப்பத்தொம்பதும்தான் ஒத்தப்படை. மூணால போகுது."

"அதான் வகுத்துப் பாக்கணும்" என்றார். வகுக்க இன்னொரு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை. பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். அதிலும் ஓர் எல்லை உண்டு. 6115ஐ 6115ஆல் பெருக்கினால் எங்கள் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், 6116 என்றால் தாண்டிவிடும். அதனால் 6115 வரை உள்ள பகா எண்கள் மட்டும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய வாய்பாட்டுப் புத்தகத்தில் அவற்றின் பட்டியல் இருந்தது. எழுநூற்றுத் தொண்ணூற்றேழு. இரண்டும் ஐந்தும் பார்த்தவுடனே கழன்றுவிட்டன. மீதியைப் பிரித்துக்கொண்டோம். ஒன்றிலும் ஒன்பதிலும் முடிகிறவை அவருக்கு. மூன்றிலும் ஏழிலும் முடிகிறவை எனக்கு. ஆளுக்கு நானூறு போல வந்தது.

நீளமான ஒரு நோட்டில் கோடு போட்டு, வகுக்கும் எண், வந்த மீதி, இந்த இரண்டை மட்டும் எழுதுவோம். வகுத்தலெல்லாம் கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம். பார்த்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுவோம். தன் வரிகளுக்கு அவர் இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்து ஒரு டிக் போடுவார். என் வரிகளுக்கு டிக் கிடையாது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கெதுக்கு?" என்றார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தச் சொல் ஞாபகம் வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

வகுக்க ஆரம்பித்த ஐந்தாவது மாதத்தில் எனக்கு அலுத்துவிட்டது. காய் நறுக்கும்போதும் எண், துணி காயப்போடும்போதும் எண். தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு காலையில், அவசர வேலை என்று பட்டறையிலிருந்து ஆள் வந்தது.

"நாளைக்கு எனக்கு லீவு. நாளைக்குப் போலாம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அதுக்குள்ள அந்தப் பக்கத்த முடிச்சு வையேன்" என்றார்.

அந்தப் பக்கம் என்றால் 4003இலிருந்து 4597 வரை, மூன்றிலும் ஏழிலும் முடியும் முப்பத்தெட்டு எண்கள். இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்தொன்பது. ஒரு நாளில் முடிகிற வேலையா அது? எனக்கு உச்சந்தலை வரை கோபம். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூட வகுக்காமல், வாய்க்கு வந்த மீதிகளை மளமளவென்று எழுதினேன். முப்பத்தெட்டையும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

சும்மா எழுதவில்லை என்பதுதான் கேவலம். பார்த்துப் பார்த்து எழுதினேன். மீதி வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டுமே, அதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒற்றைப்படை, இரட்டைப்படை கலந்து போட்டேன். ஓரிடத்தில் வெறும் 16 என்று போட்டேன். நிஜமாக வகுத்தால் எப்போதாவது சின்ன மீதியும் வரும் அல்லவா? போதாததற்கு 4133க்கு ஒரு மீதி எழுதி, அதை அடித்து, பக்கத்தில் வேறு எழுதினேன். வகுத்தவள் ஒரு தரமாவது திருத்தியிருப்பாளே! பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் மாலை வரை டிவி பார்த்தேன்.

சாயங்காலம் வந்தார், நோட்டைத் திறந்தார், திகைத்தார். "முப்பத்தெட்டா! ஒரே நாள்லயா!" மறுநாள் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தங்கை, அவள் மாமியார், கொழுந்தன் எல்லார் எதிரிலும், "உங்க அக்கா ஒரே நாள்ல முப்பத்தெட்டு வகுத்தா. பட்டறைல எந்த இன்ஜினியருக்கும் இந்தக் கை கிடையாது" என்றார். நான் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். எப்படியும் பகா எண்தான், அந்தப் பக்கத்தில் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து நிஜமாக வகுத்துவிடலாம் என்றும் நினைத்தேன். அதற்கப்புறம் வந்த எண் ஒன்றில்கூட ஏமாற்றவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறக்கவும் இல்லை. 

இரண்டு மாதம் கழித்து 6113ஐ முடித்தோம். எங்கும் மீதி பூஜ்யம் இல்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார், நின்று என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். மறுநாள் பட்டறைக் கரும்பலகையில் அந்த எண்ணை எழுதி, கீழே 'பகா எண்: நானும் என் மனைவியும் கண்டது' என்று எழுதினார். அன்றிலிருந்து அவர் பெயர் பகாண்ணன். இளையவர்கள் பகாண்ணன், மூத்தவர்கள் வெறும் பகா. நான் சாப்பாடு கொண்டுபோனால், "பகாண்ணி வந்துட்டாங்க" என்று வாசல் காவலாளி சொல்வார். அந்த மூடி எங்கள் வீட்டில் தாள் பறக்காமல் வைக்கும் எடையாக இருந்தது. மகள் எண் எழுதிப் பழகியதே அதன் மேல் விரல் ஓட்டித்தான். அவள் படித்து, வேலைக்குப் போய், வேறு ஊருக்குக் குடியும் போய்விட்டாள். இருபத்தெட்டு வருடம் அந்தப் பக்கம் நோட்டுக்குள் கிடந்தது.

இந்த வருடம் பட்டறையின் ஆண்டு விழாவில் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு. பித்தளைத் தகட்டில் 37397951 என்று பொறித்து, 'யாராலும் வகுக்க முடியாத எங்கள் பகாண்ணனுக்கு' என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் புதுப் புடவையில் முதல் வரிசையில் இருந்தேன். எனக்குப் பின்னால் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். நல்ல பெண், சத்தியமாக ஆசையாகத்தான் செய்தாள். போனில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாள். "ஐயோ, வகுபடுதே!" என்று அவள் சொன்னது அந்த நேரம் பார்த்துக் கைதட்டல் ஓய்ந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

"என்னம்மா?" என்று மேடையிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "நாலாயிரத்து முந்நூத்தி முப்பத்தேழு, எட்டாயிரத்து அறுநூத்தி இருபத்துமூணு. ரெண்டையும் பெருக்கினா இது வருது சார். போன் தப்பாவும் காட்டலாம் சார்."

அவர் அழைப்பிதழைத் திருப்பி, பேனா வாங்கி, மேடையிலேயே பெருக்கினார். 4337 என்று காதில் விழுந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம், இரண்டாவது வரிசை, முதல் எண். அதற்கு நேராக நான் எழுதிய 3108 கண் முன்னால் நின்றது. அவருக்கும் தெரியாமலா இருக்கும்? ஏழில் முடிகிற எண். என் பங்கு.

பெருக்கி முடித்து நிமிர்ந்தார். "சரிதான். வகுபடுது" என்றார். "இத நான்தான் விட்டுட்டேன். இத்தன வருஷமா உங்க எல்லார்கிட்டயும் தப்பாச் சொல்லியிருக்கேன். மன்னிச்சிடுங்க."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலர் சிரித்தார்கள். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார். நான் எழுந்து 'அது அவர் இல்லை, நான்' என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருந்த அம்மாள் என் புடவையைத் தொட்டு, "என்ன கலரு இது, நல்லாருக்கே" என்றாள். நான் கலரைச் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தகட்டை எண் தெரியாமல் மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். "பசிக்குதா?" என்று ஒரு தரம் கேட்டார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியாமல், "அது என் பங்குல வந்த எண்ணுங்க" என்றேன்.

"கூடி செஞ்ச வேலைல பங்கென்ன பங்கு? கைத்தவறு யாருக்கும் வரும். நானூறுல ஒண்ணு. நான் மூடியே கெடுத்திருக்கேன்" என்றார்.

அந்த மன்னிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். நான் செய்யாத தவறுக்கு அவர் கொடுத்த மன்னிப்பு. செய்ததற்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்கிற இந்த வாய்.

பட்டறையில் அதே பெயர்தான் சொன்னார்கள். சொல்கிற விதம் மாறிவிட்டது. "பகாண்ணே, இந்த எண்ணு வகுபடுமா?" என்று பத்து, இருபது என்று கேட்பார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார். காவலாளி மட்டும் என்னைப் பகாண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அந்த மனிதரின் நாகரிகம் என்னை இன்னும் சுட்டது.

அப்புறம் ஆரம்பித்தது ஒன்று. வேலை விட்டு வந்ததும் டீயைக் குடித்துவிட்டு, ஜன்னலோரம் பழைய நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். ஒரு தாளில் எங்கள் எண்ணை 4337ஆல் வகுப்பார். அழிப்பார். மறுபடி வகுப்பார். விடை தெரிந்த கணக்கை இவர் எதற்கு இத்தனை தரம் போடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"நீ எங்க தவறியிருப்பேன்னு பாக்கறேன்" என்றார் உற்சாகமாக. "வகுக்கும்போது நடுவுல 997 வரும். அவசரத்துல 987னு எழுதியிருந்தியோன்னு போட்டேன். கடைசில 3337 மிஞ்சுது. உனக்கு 3108 வந்திருக்கு. அது இல்ல. அடுத்தாப்ல 1301 வரும். அத 1031னு திருப்பி எழுதியிருந்தா 1637 மிஞ்சுது. அதுவும் இல்ல. வேற எங்கயோ கடன் வாங்க மறந்திருக்க. கண்டுபிடிச்சிடலாம்."

என்மேல் அவருக்கு வருத்தம் இல்லை. என் கணக்கை அவ்வளவு மதித்தார். நான் தவறினால்கூட அந்தத் தவறுக்கு ஒரு வழி இருக்கும், ஓர் இடம் இருக்கும் என்று நம்பினார். இல்லாத இடத்தை ஒரு மனிதர் தினமும் டீ குடித்துவிட்டுத் தேடுகிறார். இருபது நாள் தேடினார். இருபது நாளும் நான் அடுக்களையில் நின்று பென்சில் ஓடும் சத்தத்தைக் கேட்டேன். சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் இவர் என்னை அப்புறம் எப்படிப் பார்ப்பார் என்ற பயமும் கூடவே நின்றது.

இருபத்தொன்றாவது நாள் டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றேன்.

"தேடாதீங்க. அங்க ஒண்ணும் இல்ல."

"இருக்கும், இரு."

"நான் வகுக்கவே இல்லீங்க."

பென்சில் நின்றது. "எத?"

"அந்தப் பக்கத்த. முப்பத்தெட்டையும். அன்னைக்குத் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலன்னு கோவம். சும்மா எழுதிட்டேன்."

அவர் நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். விரல் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கியது.

"எல்லா மீதியும் சின்னதா இருக்கு. ஒண்ணுகூட வகுக்கற எண்ணத் தாண்டல."

"ஆமா."

"இங்க ஒண்ண அடிச்சுத் திருத்தியிருக்கியே."

புரிந்ததும் அவர் காது சிவந்தது. ஏமாந்தவர் அவர், வெட்கப்பட்டவரும் அவர். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நாலு வார்த்தை திட்டு வாங்கியிருக்கலாம்.

"பட்டறைக்கு நான் வந்து சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லி? இப்ப என்னப் பாத்து சிரிக்கிறாங்க. அப்புறம் நம்மளப் பாத்து சிரிப்பாங்க." நோட்டை மூடிவிட்டு, டீயைக் குடிக்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் உட்கார்ந்தேன். 4003இலிருந்து ஆரம்பித்தேன். கண்ணாடி போட்டும் கண் பிசகியது, கையில் பழைய வேகம் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு, பத்துதான் முடிந்தது. இந்தத் தரம் எந்தத் தாளையும் அடுப்பில் போடவில்லை. ஈவு, மீதி, நடுவில் வந்த ஒவ்வொரு கழித்தலும் தெரிய எழுதினேன். நான்கு நாளில் முப்பத்தெட்டும் முடிந்தன. இருபதாவது எண்ணில் 2701 வந்தது, 997 வந்தது, 1301 வந்தது, கடைசியில் பூஜ்யம் வந்தது. அன்றே, அந்த ஞாயிற்றுக்கிழமையே இதை வகுத்திருந்தால் அவ்வளவுதான். அன்றோடு வேலை முடிந்திருக்கும். சிரித்துவிட்டு மறுநாள் குழந்தையைப் பார்க்கப் போயிருப்போம்.

சாயங்காலம் தாள்களை அடுக்கி, அவர் டீக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த நாலு நாளும் அவர் என்னோடு சண்டை போடவில்லை, பேசாமலும் இல்லை. உப்பு போதுமா என்றால் போதும் என்றார். மேல் தாளை எடுத்துப் பார்த்தார். 4003, ஈவு 9342, மீதி 1925.

வாங்கி நோட்டுக்குள் வைத்துவிடுவார் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். எண்ணின் இலக்கங்களைக் கூட்டினார், நாற்பத்துநாலு, எட்டு. 4003ஐக் கூட்டினார், ஏழு. ஈவைக் கூட்டினார், பதினெட்டு, ஒன்பது, ஒன்பதைத் தள்ளினால் பூஜ்யம். மீதியைக் கூட்டினார், பதினேழு, எட்டு. ஏழையும் பூஜ்யத்தையும் பெருக்கினால் பூஜ்யம், மீதியின் எட்டைச் சேர்த்தால் எட்டு. இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டார். என் கணக்கில் அவர் போட்ட முதல் டிக். அடுத்த தாளை எடுத்தார்.

நான் உட்காரவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒவ்வொன்றாகக் கூட்டினார், ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார். டீ ஆறி ஆடை கட்டியது. இருபதாவது தாள் வந்தது. 4337, மீதி பூஜ்யம். அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, கூட்டாமலேயே மற்றத் தாள்களோடு வைத்தார். அந்த ஒன்றைத்தான் அந்தப் பெண் போனில் பார்த்துச் சொல்லியிருந்தாளே. பிறகு இருபத்தொன்றாவதை எடுத்து, முதல் இலக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தார்.